ஒரு ரெகுலேட்டர் மூன்று தடவை பஸ் ஏறிய கதை

வீடு மாறி மூன்று மாதம் ஆகிறது. இன்னமும் இரண்டு அட்டைப்பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. அது இல்லாமலே மூன்று மாதம் ஓடிவிட்டதால் அவசரமும் இல்லை. ஆனால் கேஸ் கனெக்‌ஷன் மாற்ற நாங்கள் பட்ட பாட்டை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், யாராவது ஒருவருக்காவது ஒரு பஸ் டிக்கெட் மிச்சமாகட்டும்.

இவருக்கு மாற்றல் வந்தது, ஸ்ரீரங்கத்திலிருந்து கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பக்கம் வீடு பார்த்தோம், அட்வான்ஸ் கொடுத்தோம். இதுவரை எல்லாருக்கும் நடப்பதுதான். அட்வான்ஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: 2017-இல் போட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது என்று நான் வாயைத் திறந்ததும், இவர் என் காலை மிதித்தார். வீடு பிடித்திருந்தது, தண்ணீர் வசதி இருந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

நாள் குறிப்பது அத்தையின் இலாகா. செவ்வாய்க்கிழமை கூடாது. வெள்ளிக்கிழமை இருக்கிற வீட்டைக் காலி செய்தால் லட்சுமி போய்விடுவாள். சனி சொல்லவே வேண்டாம். ஆனி, ஆடிக்கு முன்னால் முடிக்க வேண்டும், ஸ்கூல் திறப்பதற்கு முன்னாலும் முடிக்க வேண்டும். கடைசியில் "பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்று ஒரு புதன்கிழமையைக் குறித்தார்கள், காலை ஒன்பதேகாலுக்கு மேல் பத்தேகாலுக்குள் பால் காய்ச்ச வேண்டும்.

இவர் லாரி ஏற்றுவதற்காக ஸ்ரீரங்கத்திலேயே நின்றுகொண்டார். நானும் அத்தையும் பையனும் விடியற்காலை மூன்று மணிக்கு கார் பிடித்துக் கிளம்பினோம். மடியில் பெருமாள் படம், காலடியில் குத்துவிளக்கு, கல் உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, புதிதாக வாங்கிய பித்தளைப் பானை ஒன்று. கேஸ் இல்லையே என்று ஒரு இண்டக்‌ஷன் அடுப்பையும் சமர்த்தாக எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தச் சமர்த்துதான் முதல் அடி.

பித்தளை இண்டக்‌ஷனில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். எனக்கு இது தெரியாததா, தினம் புழங்குகிற சாமான்தான், ஆனால் பால் காய்ச்சுவது என்றதும் புத்தி பித்தளைக்குத்தான் போயிற்று. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் கொத்து கட்டிய பானையை மேலே வைத்தால் அடுப்பு கீ கீ என்று கத்துகிறது. மணி ஒன்பது நாற்பது. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா, "எங்கூட்டு அடுப்புல காய்ச்சிக்கலாம் வா கண்ணு" என்றார். அடுத்த வீட்டு அடுப்பில் காய்ச்சினால் அது அவர்களுக்குக் காய்ச்சிய பால் என்று அத்தை சொல்லிவிட்டார்கள். அப்புறம் அந்த அம்மாவே ஒரு குக்கரைக் கொண்டுவந்து கொடுத்தார், அதன் அடிப்பக்கம் ஒத்துக்கொண்டது. பால் பொங்கியது. பொங்கி வழிந்த முதல் சொட்டு பட்டன் பலகையில் விழுந்ததும் அடுப்பு தானாக அணைந்துவிட்டது. பால் எந்தத் திசையில் வழிந்தது என்று பார்க்கவே நேரமில்லை. அத்தை எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை லாரி வந்தது. எங்கள் சந்துக்குள் அது நுழையாது என்று அப்போதுதான் டிரைவர் கண்டுபிடித்தார். மெயின் ரோட்டில் நிறுத்தி, ஒரு குட்டி யானை பிடித்து, மூன்று நடையாக ஏற்றி இறக்க, பேசிய 18,000-க்கு மேல் 2,500 போயிற்று. பேசும்போது எத்தனையாவது மாடி என்று எல்லாரும் சொல்கிறோம், சந்தின் அகலத்தை யாரும் சொல்வதில்லை. போனில் ஒரு வீடியோ எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், பிறகு அவர்களால் வாய் பேச முடியாது.

இனி கேஸ் விஷயம்.

வேறு ஊருக்குப் போகிறவர்கள் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துவிட்டு, டி.வி. என்று ஒரு காகிதம் வாங்க வேண்டும். பார்க்கிற டி.வி. இல்லை, டெர்மினேஷன் வவுச்சர். அதைக் கொண்டுபோய் புது ஊர் ஏஜென்சியில் கொடுத்தால்தான் அங்கே கனெக்‌ஷன். இதைக் கிளம்புவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். கடைசி நாள் வரை சமைக்க வேண்டுமே என்று நாங்கள் தள்ளிப் போட்டோம். சரி, சிலிண்டரைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வருவோம், இவர் ஒரு சனிக்கிழமை வந்து ஒப்படைத்துவிடுவார் என்பது ஏற்பாடு. சிலிண்டர் அக்கா வீட்டுக்குப் போயிற்று. ரெகுலேட்டர்? அது டியூபோடு அடுப்போடு சேர்ந்து, பேக்கிங் பையன்கள் கையால் பழைய புடவையில் சுருட்டப்பட்டு, என் மகன் கொட்டை எழுத்தில் "சமையல் 4" என்று எழுதிய பெட்டிக்குள் லாரியில் கோயம்புத்தூர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி கரண்டி தேடும்போது அகப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை இவர் சாப்பாட்டுப் பையில் ரெகுலேட்டரைப் போட்டுக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் போனார். ஐந்து மணி நேரம். அக்கா வீட்டிலிருந்து ஆட்டோவில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு ஏஜென்சிக்குப் போய், ரெகுலேட்டரை எடுத்து மேஜையில் வைத்து, புத்தகத்தையும் நீட்டியிருக்கிறார். கவுண்ட்டரில் இருந்தவர் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. "எஸ்.வி. எங்க சார்?"

எஸ்.வி. என்றால் சப்ஸ்கிரிப்ஷன் வவுச்சர், முதன்முதலில் கனெக்‌ஷன் வாங்கும்போது டெபாசிட் கட்டியதற்குக் கொடுக்கும் காகிதம். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இவர் வெளியே வந்து எனக்குப் போன் செய்கிறார், நான் பெட்டி பெட்டியாகக் கவிழ்க்கிறேன், கிடைக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கலாமா என்று இவர் மறுபடி உள்ளே போய்க் கேட்டதற்கு, கொடுக்கலாம், ஆனால் கனெக்‌ஷன் யார் பேரில் இருக்கிறதோ அவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று பதில். கனெக்‌ஷன் அத்தை பேரில். இதை முதலிலேயே ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு நாக்கு தேய்ந்து போயிருக்குமா? சரி, ரெகுலேட்டரையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், எல்லாம் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சிலிண்டர் மறுபடி அக்கா வீட்டுக்கு. ரெகுலேட்டர் அதே சாப்பாட்டுப் பையில் கோயம்புத்தூருக்கு. அதையும் அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு வர இவருக்குத் தோன்றவில்லை, நான் கேட்டதற்குக் கோபம் வேறு.

அதன் பிறகு மூன்று ராத்திரி தேடினோம். 43 பெட்டி. பையனின் யு.கே.ஜி. ரேங்க் கார்டு கிடைத்தது, எங்கள் கல்யாண மண்டப ரசீது கிடைத்தது, 2011-இல் வாங்கிய மிக்ஸியின் வாரண்டி அட்டை கிடைத்தது. மூன்றாவது நாள் ராத்திரி அத்தை படுக்கையிலிருந்தே, "அப்படி என்னத்தம்மா தேடிக்கிட்டே இருக்கே?" என்றார்கள்.

"கேஸ் வாங்கினப்ப கொடுத்த பேப்பர் அத்தை."

தலைமாட்டில் இருந்த மஞ்சள் பையை இழுத்தார்கள். மாமாவின் பென்ஷன் புத்தகம், ஒரு தோடு வாங்கிய ரசீது, பெருமாள் கோயில் துளசி காய்ந்து பொடியாகிக் கிடந்த ஒரு பொட்டலம், அதற்கும் கீழே எட்டாக மடித்த ஒரு தாள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது, ஆனால் 1998 என்ற வருஷமும் அத்தையின் பேரும் நன்றாகத் தெரிந்தன. "இதுவா பாரு." அந்தப் பை லாரியில்கூட ஏறவில்லை, காரில் என் பக்கத்தில்தான் வந்தது. யாரும் கேட்கவில்லையே என்று அத்தை சொன்னதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இரண்டாம் தடவை இவரோடு அத்தையும் போனார்கள். முதலில் ரங்கநாதர், அப்புறம்தான் ஏஜென்சி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இருபது நிமிஷத்தில் டி.வி. கைக்கு வந்ததாம். அதே மனிதர் எழுந்து நாற்காலி போட்டாராம். இவர் அதைச் சொல்லும்போது பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. இன்னொரு சின்ன லாபம்: எங்கள் சிலிண்டர் முக்கால்வாசி நிறைந்திருந்தது. உள்ளே மிச்சம் இருக்கும் கேஸுக்கு யாரும் காசு தருவதில்லை. அதே கம்பெனி சிலிண்டர்தான் என்பதால், அக்கா எங்களுடையதை வைத்துக்கொண்டு அவர்களுடைய காலி சிலிண்டரைக் கொடுத்தார். பதிலுக்கு இரண்டு கிலோ அதிரசம் அனுப்புவதாகச் சொன்னார், அது இன்னும் வரவில்லை.

கோயம்புத்தூர் ஏஜென்சியில் வேறு ஒரு முடிச்சு. டி.வி. அத்தை பேரில், வாடகை ஒப்பந்தம் இவர் பேரில். இவர்தான் இவர்களுக்கு மகன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பழைய விலாசம் என்று ஒதுக்கி வைத்திருந்த ரேஷன் கார்டு அங்கே கைகொடுத்தது, இரண்டு பேர் பெயரும் ஒரே அட்டையில் இருந்தது. அதனால் ஒரு யோசனை: ரேஷன் கார்டில் அவசரப்பட்டு யார் பெயரையும் நீக்கவோ பிரிக்கவோ செய்யாதீர்கள், கேஸ் முடியட்டும். விலாசம் மாற்ற ஆன்லைனில் விண்ணப்பித்தோம், படம் தெளிவாக இல்லை என்று ஒரு தடவை தள்ளிவிட்டார்கள், இரண்டாம் தடவை ஆயிற்று. நடுவில் இங்குள்ள கடையில் பழைய கார்டுக்கே பொருள் கேட்டேன். தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பது விதி. "எங்க கார்டுக்காரங்களுக்குப் போக மிச்சம் இருந்தா தர்றேனுங்க" என்றார். மரியாதையாகச் சொன்னதால் கோபம் வரவில்லை. சர்க்கரை மட்டும் கிடைத்தது.

கேஸ் இல்லாமல் ஓடிய இந்த இடைவெளி 23 நாள். இருபத்து மூன்று நாளும் இண்டக்‌ஷன்தான். தோசை நடுவில் கருகும், ஓரம் வேகாது. அத்தைக்கு ரசம் ஈயச் சொம்பில்தான் வைக்க வேண்டும், அதற்கு வழியே இல்லை. கரண்ட் பில் வந்தபோது இன்னொரு அடி. இரண்டு மாதக் கணக்கில் முதல் ஐந்து வாரம் எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுடையது. 500 யூனிட் வரை ஒரு கணக்கு, தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழே 200 யூனிட் வரை கிடைக்கிற மலிவு விலையும் போய்விடும். எங்கள் இண்டக்‌ஷன் சேர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. யார் எவ்வளவு ஓட்டினோம் என்பதற்கு அத்தாட்சி இல்லை. வீட்டுக்கார அம்மா நல்லவர், பாதி அவர் போட்டுக்கொண்டார். சாவி வாங்கிய கையோடு மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பத்து செகண்ட் வேலை.

ஸ்கூலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டி.சி. வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தோம். புது ஸ்கூலில் எமிஸ் நம்பரை, அதாவது கல்வித்துறை கம்ப்யூட்டரில் பையனுக்கு உள்ள எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, பையன் இன்னும் பழைய ஸ்கூல் கணக்கில்தான் இருக்கிறான், காமன் பூலுக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்றார்கள். பழைய ஸ்கூல் விடுவித்த பிள்ளைகள் இருக்கும் பொதுப் பட்டியல் அது, அங்கிருந்துதான் புது ஸ்கூல் எடுத்துக்கொள்ள முடியும். பழைய ஸ்கூலுக்குப் போன் செய்தால், அதைப் பார்க்கிற மேடம் லீவு. மறுநாள் சர்வர் வேலை செய்யவில்லை. அதற்கு மறுநாள், அனுப்பியாயிற்றே என்றார்கள், இங்கே வரவில்லை. ஒன்பது நாள் வகுப்பில் உட்கார்ந்தான், அட்டெண்டன்ஸில் பெயர் இல்லை. தினம் மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போன் செய்வது என்று வைத்துக்கொண்டேன், ஐந்தாம் நாள் என் குரலைக் கேட்டதுமே "இதோ மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். டி.சி.யைக் கையில் வாங்கும்போதே, காமன் பூலுக்கு அனுப்பியதைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சிலிண்டர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. கொண்டுவந்தவர் புது ரெகுலேட்டர் மாட்டி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்து, ஒரு குச்சி கிழித்துப் பற்றவைத்துக் காட்டினார். இவர் டீ போடச் சொன்னார். அத்தை கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பூஜை அலமாரியிலிருந்து அந்தப் பித்தளைப் பானையை எடுத்தார்கள். காய்ந்துபோன மஞ்சள் கொத்து அப்படியே கழுத்தில் இருந்தது. பையனைக் கடைக்கு ஓட்டி ஒரு லிட்டர் பால் வாங்கிவரச் சொன்னார்கள். அன்றைக்கு அந்தக் கத்துகிற பெட்டியில் காய்ச்சியது எந்தக் கணக்கிலும் வராது என்றார்கள்.

கிழக்குப் பக்கம்தான் வழிந்தது. அடுப்பு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பது எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை.