வேடியப்பன் கல்லும் எனது முதுகலைப் படிப்பும்

சென்ற மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு மாணவி என்னைப் பார்க்க வந்திருந்தார். நுண்கலையில் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறார். நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. முடித்த பிறகு இன்னும் இரண்டு ஆண்டு எம்.எஃப்.ஏ. எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்களாம். என் வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரியும் என்பதால் அவரிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.எஃப்.ஏ. முடித்தவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நெட் தேர்வைக் காண்கலைப் பாடத்தில் எழுதலாம். தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி கிடைக்கும். அது தகுதி மட்டுமே, வேலைக்கான உறுதி அன்று. வேலைக்காக மட்டும் சேருகிறவர்கள் இரண்டே ஆண்டுகளில் மனம் வெறுத்துப்போவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இளங்கலையில் ஆசிரியர் பயிற்சி கொடுப்பார், நாம் செய்து காட்டுவோம். முதுகலையில் கேள்வியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கேள்வி நம் கைவேலையிலிருந்து பிறக்க வேண்டும். அதற்கான விடையும் கைவேலையின் வழியாகவே வர வேண்டும். பருவம்தோறும் ஜூரி என்று வேலைகளைச் சுவரில் மாட்டிவைத்து, ஆசிரியர்களும் வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் கேட்பவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இறுதியில் ஒரு காட்சியும் ஓர் ஆய்வேடும் கேட்பார்கள். இதையெல்லாம் நான் சேர்ந்தபோது அறிந்திருக்கவில்லை. பிரிண்ட்மேக்கிங் என்று நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதிப்போவியத்தில் (பலகை போன்றவற்றில் செதுக்கி, மையிட்டுத் தாளில் அச்செடுக்கும் கலை) இடம் கிடைத்தது என்ற மகிழ்ச்சி மட்டுமே இருந்தது.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஆநிரை கவர்ந்தோரை எதிர்த்து மாண்டவனுக்கும் ஊர் காக்கப் போரிட்டு வீழ்ந்தவனுக்கும் நட்ட கற்கள் அவை. பழைய கற்களில் தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்து இருக்கும். இரா. நாகசாமி தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த 1970-களில் செங்கம், தருமபுரிப் பகுதிகளின் நடுகற்களைத் தேடிப் பதிவுசெய்தார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் பல கற்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் ஊர்களில் எஞ்சியிருப்பவற்றை யாரும் நடுகல் என்று சொல்வதில்லை. அவற்றில் பல வேடியப்பன் என்ற சாமியாக நிற்கின்றன.

ஊத்தங்கரைப் பக்கம் என் பெரியப்பாவின் நிலத்து வரப்போரம் அப்படி ஒரு கல் உண்டு. கையில் வில், உடம்பில் தைத்த அம்பு; எழுத்து எதுவும் இல்லை. வழிபாடு நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்வெட்டு ஆய்வாளர்கள் எடுக்கும் மைப்படியும் ஒருவகைப் பதிப்போவியம்தானே என்று எண்ணி, அதிலிருந்தே என் முதல் பருவ வேலையைத் தொடங்கினேன்.

மைப்படி எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் சுருக்கமில்லாமல் ஒட்டி, பிரஷ்ஷால் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாள் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கும். ஈரம் முழுவதும் போவதற்கு முன், பதம் பார்த்து, துணிப்பந்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். மேடெல்லாம் கறுக்கும், பள்ளமெல்லாம் வெள்ளையாக நிற்கும். மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்தால் படம் இடவலம் மாறிவிடும். வீரனின் வலக்கை இடக்கையாகும். மைப்படியில் மை தாளின் வெளிப்புறத்தில் ஏறுவதால் எதுவும் மாறுவதில்லை. அன்று மாலை கல்லிலிருந்து தாளை உரித்தெடுத்தபோது, அதுவரை கண்ணுக்குப் புலப்படாத இடுப்புக் குறுவாளும் முடிந்த கொண்டையும் தாளில் இருந்தன. நான் அழுதேவிட்டேன்.

ஜூரியில் அதைப் பெருமையோடு மாட்டினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “கல்லைக் கழுவினீர்களே, எதைக் கழுவினீர்கள்?” என்று கேட்டார். மண், பாசி, பழைய சுண்ணாம்பு என்றேன். “அந்தச் சுண்ணாம்பை யார் பூசியது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

விடுமுறையில் பெரியம்மாவிடம் கேட்டேன். அவருடைய மாமியார் பொங்கலுக்குப் பொங்கல் அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து மஞ்சள் வைப்பாராம். அவர் போன பிறகு யாரும் செய்யவில்லை. அவருடைய கையின் தடத்தைத்தான் நான் வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் போக்கியிருந்தேன். நடுகல் எடுப்பதில் தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளில் நீர்ப்படையும் ஒன்று. கல்லை நீராட்டுவது வழிபாட்டின் தொடக்கம். என் நீராட்டோ இருந்த வழிபாட்டைத் துடைத்த நீராட்டு. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைக்கிறார்கள். பள்ளியிலேயே படித்த பாட்டுதான். கல்லின்மேல் வைப்பவை எல்லாம் சேர்ந்ததுதான் நடுகல் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகே எனக்கு உறைத்தது.

அடுத்து, வழிபாட்டில் இருக்கும் ஒரு வேடியப்பன் கல்லைத் தேடிப் போனேன். அதைத் தொடவில்லை. ஓராண்டில் நான்கு முறை போய் உட்கார்ந்து வரைந்தேன். அங்கு பூசை செய்யும் பெரியவரிடம், பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது பூசுவீர்களா தாத்தா என்று கேட்டேன். “வருசா வருசம் பூசறதுதான் பாப்பா. சுரண்டறது கெடையாது” என்றார். சுண்ணாம்பு, அதன்மேல் மஞ்சள், அதன்மேல் குங்குமம், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெயும் விளக்குப் புகையும் ஏறிய கறுப்பு. முகம் முற்றிலும் மூடிப்போயிருந்தது.

பதிப்போவியத்தில் ரிடக்‌ஷன் என்று ஒரு முறை உண்டு. ஒரே பலகையைச் சிறிது செதுக்கி முதல் வண்ணத்தை அச்சிட்டு, மேலும் செதுக்கி அடுத்த வண்ணத்தை அதே தாளின்மேல் அச்சிட்டுக்கொண்டே போக வேண்டும். செதுக்கியதைத் திரும்பப் பெற முடியாது. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிப்பதே வழக்கம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. கல்லின்மேல் பூச்சு ஏறிய வரிசையும் அதுவே! பன்னிரண்டு தாள்களில் தொடங்கினேன். ஒவ்வொரு வண்ணமும் காயப் பல நாள் காத்திருந்து, தாள் ஒருநூல் விலகினாலும் கழித்துக்கட்டி, இறுதியில் ஏழு தேறின. கல்லில் ஒவ்வொரு பூச்சும் கூடக்கூடப் பலகையில் மரம் குறைந்துகொண்டே வருவதை என் கை உணர்ந்தது. ஆய்வேட்டின் நடு அத்தியாயம் அதைப் பற்றியதுதான். நூலகத்தில் உட்கார்ந்து எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது நான் படித்த இடத்தில் விதி. பதம், ஒற்றுதல், பூச்சு ஆகியவற்றுக்கு நான் கண்ட ஆங்கிலச் சொற்கள் எவையும் பொருந்தவில்லை. அந்தச் சொற்களைத் தமிழாகவே விட்டு, பின்னிணைப்பில் விளக்கம் கொடுத்தேன். வழிகாட்டி அதை ஏற்றுக்கொண்டார். நம் பிள்ளைகள் இதைத் தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

1850-இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், எழுத்தையும் குறியையும் ஓவியமாக்கிய வரிசையை 1960-களில் வரைந்தார். வட்டெழுத்துக் கற்களுக்கிடையே வளர்ந்த நமக்கு அவை அந்நியமானவை அல்ல. பரோடா, சாந்திநிகேதன், ஐதராபாத் எனத் தொலைவில் இடம் கிடைத்தாலும் தயங்காமல் போகலாம். போகும்போது கேள்வியை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் பாலக்கோட்டு மாணவியிடம் சொன்னேன்.

அவருடைய கோப்பில் இருபத்துச் சொச்சம் வேலைகள் இருந்தன. எல்லாம் நேர்த்தியானவை, எல்லாம் கல்லூரிப் பயிற்சிகள். அடியில் ஒரு சிறு நோட்டு கிடந்தது. தக்காளி மண்டியில் கூடைகளை அடுக்கும் அவருடைய அம்மாவின் கைகளை மட்டும் பக்கம் பக்கமாகப் பால்பாயிண்ட் பேனாவில் வரைந்திருந்தார். நேர்முகத்துக்கு அந்த நோட்டை மேலே வைத்து எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு அவருடன் மண்டிக்குப் போகிறேன். காலை நான்கு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டுமாம்.