பெயரில்தான் சேமிப்பு

தை மாதம் மச்சான் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பத்து வருடமாக ரி.எவ்.எஸ்.ஏ. (TFSA) என்ற கனடாவின் வரியில்லாக் கணக்கில் காசு போட்டு வருகிறேன் என்று பெருமையாகச் சொன்னான். போனைத் திறந்து காட்டச் சொன்னேன். அத்தனையும் வெறும் காசு, ஒரு பங்குகூட இல்லை, வங்கி கொடுக்கிற வட்டி ஒரு வீதத்தைத் தொடவில்லை. "வரி இல்லைத்தானே?" என்கிறான். சரி, வரி இல்லை. ஆனால் வரி போட அதில் என்ன இருக்கிறது?

அவனில் பிழை இல்லை. 2009இல் கனடா அரசு இதைத் தொடங்கியபோது 'வரியற்ற சேமிப்புக் கணக்கு' என்று பெயர் வைத்துவிட்டது, நம் ஆட்களும் சேமிப்புக் கணக்கு என்றே நம்பிவிட்டார்கள். உண்மையில் இது ஒரு பெட்டி மாதிரி. உள்ளே காசு வைக்கலாம், ஜி.ஐ.சி. என்கிற நிலையான வைப்பு வைக்கலாம், பங்கு, பல பங்குகளை ஒரே கட்டாக வைத்திருக்கும் ஈ.ரி.எவ். எல்லாம் வாங்கி வைக்கலாம். உள்ளே எவ்வளவு வளர்ந்தாலும், விற்று வெளியே எடுத்தாலும் வரி கிடையாது. இதையே சாதாரணக் கணக்கில் வாங்கி விற்றிருந்தால் லாபத்தில் பாதியை வருமானத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டும்.

எவ்வளவு போடலாம் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தொடக்கத்திலிருந்தே இங்கே இருந்து, அப்போதே 18 வயதும் ஆகியிருந்தவருக்கு 2025 வரை மொத்தம் 102,000 டொலர். இந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்லித் திரிகிறார்கள். நான் வந்தது 2016இல். எனக்கு அந்த வருடத்திலிருந்துதான் கணக்கு, ஆக 61,000. பிறகு வந்தவர்கள் ஊரார் சொல்லும் எண்ணை நம்பிக் காசைக் கொட்டினால், கூடப் போட்ட தொகைக்கு மாதம் ஒரு வீதம் தண்டம்.

தண்டம் கட்டிய அனுபவம் எனக்கே உண்டு, அதுவும் வேறு வழியில். 2019 வரை எனக்குச் சேர்ந்திருந்த இடம் 22,500, அதை முழுதாகப் போட்டுவிட்டிருந்தேன். அந்த வருடம் பங்குனியில் பழைய கார் ஒன்று வாங்க 6,000 எடுத்தேன். ஐப்பசியில் சீட்டுக் காசு கைக்கு வந்ததும், எடுத்ததைத் திருப்பி வைக்கிறோம் என்ற நல்ல பிள்ளைத்தனத்தோடு அப்படியே போட்டேன். எடுத்த தொகையைத் திரும்பப் போடுவதற்கான இடம் அடுத்த ஜனவரி முதலாம் திகதிதான் கிடைக்கும் என்பது வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. மாதம் 60 டொலர், மூன்று மாதம், 180. ஜனவரி வரை பொறுத்திருந்தால் ஒரு சதமும் போயிராது.

பங்கு என்றால் விழவும் செய்யும். 2020 மார்ச் 12 அன்று ரொறன்ரோ சந்தை ஒரே நாளில் 12 வீதத்துக்கு மேல் விழுந்தது, அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் விற்கவில்லை. இந்தக் கணக்கில் நட்டத்தை வேறு லாபத்தோடு கழித்துக் காட்ட முடியாது. விற்று எடுத்தால் எடுத்த தொகைக்குத்தான் இடம் திரும்பும், போட்ட தொகைக்கு இல்லை. நட்டப்பட்டதோடு இடமும் போய்விடும். அப்புறம், அமெரிக்கக் கம்பனிப் பங்குகள் தரும் டிவிடெண்டில் (பங்குக்காரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபம்) அமெரிக்கா 15 வீதம் பிடித்துக்கொள்ளும், நம் 'வரியற்ற' என்ற பெயரை அவர்கள் மதிப்பதில்லை.

மச்சானுக்கு நான் சொன்னது இரண்டுதான். இரண்டு வருடத்தில் வீட்டுக்கு முற்பணம் கட்டத் தேவையான காசை ஜி.ஐ.சி.யில் போடு, மிச்சத்துக்கு உலகச் சந்தை முழுவதையும் உள்ளடக்கிய ஒரு ஈ.ரி.எவ். வாங்கு. பங்கு வாங்கக்கூடிய இன்னொரு ரி.எவ்.எஸ்.ஏ. கணக்குக்குக் காசை நீயே எடுத்துக்கொண்டு போகாதே, மாற்றல் படிவம் நிரப்பிக் கொடு, அவர்களே நேரடியாக மாற்றுவார்கள், இல்லாவிட்டால் என் கதைதான் உனக்கும்.

மூன்று கிழமை கழித்து, பின்னேரம் மூன்று மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஐந்து யூனிட் வாங்கியிருக்கிறான். கீழே ஒரு வரி: "வாங்கி அரை மணித்தியாலம் ஆகேல்லை, பத்துச் சதம் இறங்கிட்டுது. விக்கவா?"