ஹைவே ஓரத்து வீடு: சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மனை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் போகிறார்கள். அந்த நேரத்தில் 44-ஆம் எண் நெடுஞ்சாலை ஒரு மாதிரி இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு வேறு மாதிரி இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு நாள் ராத்திரி போய், வீடு கட்டப்போகும் இடத்தில் கால் மணி நேரம் நின்று கேளுங்கள். மார்கழி, தை மாதமாக இருந்தால் இன்னும் நல்லது.

அதற்குக் காரணம் காற்று. பகலில் தரை சூடாக இருப்பதால் சத்தம் மேல்நோக்கி வளைந்து போய்விடும். குளிர்ந்த இரவில் தரையை ஒட்டிய காற்று சில்லென்றும் மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது மேலே போன சத்தம் வளைந்து திரும்பக் கீழே இறங்கும். பகலில் எதுவுமே கேட்காத அரை கிலோமீட்டர் தூரத்து வீட்டில்கூட விடியற்காலையில் டயர் இரைச்சல் கேட்பது இதனால்தான்.

ரோட்டிலிருந்து தள்ளிப் போனால் போதும் என்று நினைப்பது பாதிதான் சரி. நிற்காமல் ஓடும் போக்குவரத்தின் இரைச்சல், தூரம் இரண்டு மடங்காகும்போது சுமார் 3 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைகிறது. 50 மீட்டரில் இருப்பதை 100 மீட்டருக்குத் தள்ளினால் 3 குறையும். அதையே 200 மீட்டருக்குத் தள்ளினால் இன்னொரு 3. காதுக்குப் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றவே 10 டெசிபல் குறைய வேண்டும். அதைவிட, உங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வரிசை வீடு இருந்தால் கூடுதலாக 3 முதல் 5 வரை குறையும். முதல் வரிசை மனைக்கும் இரண்டாம் வரிசை மனைக்கும் விலை வித்தியாசம் பார்க்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

சட்டம் சொல்லும் அளவு: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதிப் பகுதி என்று அறிவிக்கலாம், அங்கே பகலில் 50, இரவில் 40. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்காகச் சொன்ன சாலை இரைச்சல் அளவும் இரவுக்கு 45-தான். இந்த அளவைத் தாண்டிய இரைச்சல் வருடக்கணக்கில் தொடரும்போது தூக்கம் கலைவதோடு நிற்பதில்லை, இதய நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. தூங்குகிறவர் விழிக்காவிட்டாலும் நாடித்துடிப்பு ஏறி இறங்கும். உடம்பு பழகிவிட்டது என்று நாம் சொன்னாலும் நெஞ்சு பழகுவதில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். சத்தம் சுவரைத் துளைத்து வருகிறது என்று நினைத்துத்தான் பலர் பணத்தைச் சுவரில் கொட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 45 டெசிபலுக்கு மேல் தடுக்கும், அது போதும். கெடுப்பது அதில் இருக்கும் துளை. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், சுவர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது.

நம் ஊர் படுக்கையறையையே பாருங்கள். பத்தடிக்குப் பத்தடிச் சுவர், நூறு சதுர அடி. மேலே இரண்டடிக்கு ஒன்றரையடி வென்டிலேட்டர், மூன்று சதுர அடி. ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் அந்த வென்டிலேட்டர் முழுதாகத் திறந்திருந்தால் தடுப்பு 15 டெசிபலில் நின்றுவிடும். வெளியே 65 இருந்தால் உள்ளே 50. இரண்டு கண்ணாடி ஜன்னலுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து, தலைக்கு மேல் கண்ணாடிப் பட்டைகள் சரிந்து நிற்கும் வென்டிலேட்டரை அப்படியே விட்டால் காசு வீண். முதல் வேலை அதுதான்: ரோட்டுப் பக்க வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிடுங்கள். காற்றுக்கு, ரோட்டுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் திறப்பு வையுங்கள். வீடே ஒரு தடுப்பாக நிற்பதால் பின்பக்கம் 10 டெசிபலாவது குறைவாக இருக்கும்.

அடுத்தது கதவு. அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பூச்சு விலகிய இடத்தில் சிலிகான் விடுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவர் டார்ச் அடித்தால் வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும் இடம்தான்.

இதற்குப் பிறகுதான் கண்ணாடி. 12 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டி வரும் இரட்டைக் கண்ணாடி வெயிலுக்கு நல்லது, லோடு லாரியின் அடித்தொண்டை உறுமலுக்குப் பெரிதாக உதவாது. இருக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம், நான்கு அங்குலம் தள்ளி, தடிமன் வேறான இன்னொரு கண்ணாடியை ரப்பர் வைத்துப் பொருத்துவது மேல். இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் ஒரே சுருதியில் இரண்டும் அதிர்ந்து அந்தச் சத்தத்தை உள்ளே விட்டுவிடும். முட்டை அட்டை, தெர்மாகோல் எதற்கும் ஆகாது. சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும்.

காம்பவுண்டு சுவருக்கும் ஒரு கணக்கு உண்டு. கட்டில் மேல் உட்கார்ந்து பார்த்தால் லாரி தெரிகிறதா? தெரிந்தால் அந்தச் சுவரால் பலன் இல்லை. பார்வையை மறைக்கும் உயரம் வந்ததும் 5 டெசிபல் குறையும், அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றரை அளவில் குறையும். ரோடு மேட்டில் போகிற இடங்களில் ஆறடிச் சுவர் பிரயோஜனப்படாது. நம் பக்கத்துக் கல்பலகை வேலியில் பலகைக்குப் பலகை விரல் நுழையும் சந்து இருக்கும். கல் கனமானதுதான், ஆனாலும் சந்தைச் சிமெண்டு வைத்து அடைக்காதவரை அது ஆடு மாட்டுக்கு மட்டுமே வேலி. மாந்தோப்பும் அப்படித்தான்: இலை மேலே, அடியில் வெறும் தண்டு. முப்பது மீட்டர் அகலத்துக்குத் தரையிலிருந்தே அடர்ந்த புதர் இருந்தால்தான் ஐந்து டெசிபலாவது கிடைக்கும்.

மிச்சம் இருப்பது ரோட்டிலேயே தீர்க்க வேண்டியவை. தொப்பூர் இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு இறங்கும் வண்டியை யாரும் குறை சொல்லக் கூடாது, அது உயிர் காக்கும் சத்தம். ஏர் ஹாரன் அப்படியில்லை, மோட்டார் வாகன விதி 119 அதைத் தடை செய்கிறது. வேகத்தடையில் காலி டிப்பரின் பின்கதவு அடிக்கும் சத்தமும், வேகத்தைக் குறைக்க ரோட்டின் குறுக்கே தடிமனாகப் போடும் பெயின்ட் பட்டைகள் மேல், வீட்டு வாசலுக்கு நேரே டயர் ஏறும் சத்தமும் இரவில் ஆளை எழுப்புகிறவை. பட்டைகளைக் குடியிருப்பு இல்லாத இடத்துக்கு நகர்த்தச் சொல்லிக் கேட்கலாம்.

புகார் எழுதும்போது "சத்தம் தாங்க முடியவில்லை" என்று எழுதினால் நகராது. விதி 7-இன்படி, அனுமதித்த அளவைவிட 10 டெசிபல் கூடினால் புகார் தரலாம். அப்படியென்றால் இரவு 55. ஃபோன் ஆப் துல்லியமாக இருக்காது, ஆனாலும் எப்போது எவ்வளவு ஏறுகிறது என்று காட்ட உதவும். சுவரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் பிடித்து, பத்து நிமிடச் சராசரியை மூன்று இரவு எடுங்கள். கிலோமீட்டர் கல்லின் எண், எந்தப் பக்கத்து ரோடு, நேரம், வீட்டுக்கும் ரோட்டு ஓரத்துக்கும் உள்ள தூரம் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் ஒரே மனுவாகத் தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வேகத்தடை, பட்டை சம்பந்தமானதை மட்டும் தனியாக நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணில் பதிந்து, பதிவு எண்ணை மனுவின் பின்னால் எழுதி வையுங்கள்.