தொண்ணூறு நாற்காலி, நாலு கிடார்

அமெரிக்காவில் கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில்லிலிருந்து நேற்று நள்ளிரவுதான் திரும்பினேன். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக இரண்டு பேரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வரிசை எல்லாம் வருமா என்று தெரியவில்லை. முதலில் அந்த பஸ்ஸைத் திட்டியாக வேண்டும்.

அட்லாண்டாவிலிருந்து நாஷ்வில் சுமார் 400 கிலோமீட்டர். காரில் போனால் நாலு மணி நேரத்துப் பாதை. வாடகைக் கார், பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, ஆளுக்கு 38 டாலர் என்றதும் நானும் என் அறைத் தோழனும் பஸ்ஸுக்குப் போட்டோம். கிடைத்தது கழிவறைக்கு முந்தைய சீட். ஏசி, ஐஸ் ஃபேக்டரி. வழியில் சட்டனூகா என்ற ஊரில் டிரைவர் இறங்கிப் போனவர் நாற்பது நிமிடம் திரும்பவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை, நம் ஊராக இருந்தால் அதற்குள் ஒரு தலைவர் உருவாகியிருப்பார். ஒன்றரை மணி நேரம் தாமதம். ஆனால் நாஷ்வில் கடிகாரம் அட்லாண்டாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவது. அதைப் பார்த்துவிட்டு இவன், "அரை மணி நேரம்தாண்டா லேட்டு" என்று சந்தோஷப்பட்டான். இவனோடுதான் இரண்டு நாள்.

போனது ஒரே ஒரு இடத்துக்காக: பாட்டு எழுதியவர்களே வந்து பாடிக் காட்டும் புளூபேர்ட் கஃபே. மொத்தமே 90 பேர்தான் உட்காரலாம். டிக்கெட் இணையத்தில் திறந்த வேகத்தில் தீர்ந்துபோனது. நான் பெயரை அடித்து முடிப்பதற்குள் 'இல்லை' என்று வந்துவிட்டது. தட்கலில் பழகிய விரல்களுக்கே இந்தக் கதி. வரிசையில் நிற்பவர்களுக்கென்று கடைசியில் சில இடம் வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அதை நம்பித்தான் கிளம்பினோம்.

முதல் நாள் இரவு பிராட்வே தெரு. அதை ஊரே கொண்டாடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. வரிசையாக மதுக்கூடங்கள், ஒரே கட்டடத்தில் மூன்று மாடி, மாடிக்கு ஒரு குழு. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. ஆனால் மூன்று மாடிச் சத்தமும் படிக்கட்டில் சந்தித்துச் சண்டை போடுகிறது. பாடுகிறவர்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. நாலு மணி நேரம் ஒரே மூச்சாக, கூட்டம் கேட்கிற பழைய ஹிட்டுகளை வாசிக்கிறார்கள். பெரும்பாலும் பக்கெட்டில் விழுகிற டிப்ஸ்தான் வருமானம். பக்கெட் நம் மூக்குக்கு நேராக வரும்போது ஐந்து டாலருக்குக் குறைவாகப் போட மனசு வராது. ஓசிப் பாட்டு எனக்கு 20 டாலர் ஆயிற்று.

மறுநாள் மதியம் ஹாட் சிக்கன். இந்த ஊரின் பெருமை. 1930களில் ஒருவர் ராத்திரி ஊர் சுற்றிவிட்டு வர, கோபத்தில் இருந்த பெண் அவர் கோழியில் மிளகாயை அள்ளிக் கொட்டினாளாம். அவர் ரசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடையே போட்டாராம். கதை அப்படி. பொரித்த கோழியின் மேல் சூடான கொழுப்பில் குழைத்த கயேன் மிளகாயைப் பூசி, வெறும் வெள்ளை ரொட்டியின் மேல் வைத்து, நாலு வில்லை ஊறுகாய் வெள்ளரி. அவ்வளவுதான். "நாங்க காரத்துலயே பொறந்தவங்க" என்ற திமிரில் மேலிருந்து இரண்டாவது காரம் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நம் காரம் நாக்கில் ஏறி இறங்கிவிடும். இது காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடியில் இருந்த ரொட்டி எல்லாச் சாற்றையும் குடித்துச் சிவந்து கிடந்தது. கோழியைவிட அதுதான் அமிர்தம். கண்ணில் நீர் வழியத் தின்று முடித்தேன். மறுபடி போனாலும் அதையேதான் கேட்பேன்.

சரி, புளூபேர்ட். கிரீன் ஹில்ஸ் என்ற பகுதியில், ரோட்டோரக் கடை வரிசையில், சலூனுக்கும் டிரை கிளீனிங் கடைக்கும் பக்கத்தில் இருக்கிறது. நீல நிறத் துணிக் கூரை இல்லையென்றால் தாண்டிப் போயிருப்போம். "இதுக்கா அந்த பஸ்ஸுல வந்தோம்?" என்றான் இவன். மாலை ஆறு மணிக் காட்சிக்கு மூன்றரைக்கே நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். வெயில், கால் வலி, கூடவே கோழி. கடைசியில் சுவரோரமாக, சர்ச்சில் இருக்குமே அந்த மாதிரி மர பெஞ்சில் இரண்டு இடம் கிடைத்தது. நுழைவுக் கட்டணம் போக, ஆளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்பது தனி. வயிறு கேட்கும் நிலையில் இல்லை, கோக் வாங்கியே கணக்கை நிரப்பினேன்.

1982இல் ஏமி கர்லண்ட் என்ற பெண் இதைச் சாப்பாட்டுக் கடையாகத்தான் ஆரம்பித்தார். பாட்டு பின்னால் வந்து கடையையே எடுத்துக்கொண்டது. 1985இல் டான் ஷ்லிட்ஸ், தாம் ஸ்கைலர் முதலிய சில பாடலாசிரியர்கள் மேடையே வேண்டாம் என்று அறையின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து முறை வைத்துப் பாடினார்கள். இன்றுவரை இங்கே அதுதான் பாணி. கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸ் தன் முதல் ஆல்பத்தில் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டை, அதை எழுதிய டோனி அராட்டா வாயால் முதலில் கேட்டது இங்கேதான். டெய்லர் ஸ்விஃப்ட் பதினாலு வயதில் இங்கே பாடியபோது கேட்டுக்கொண்டிருந்த ஒருவர்தான் பின்னால் அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டார். 2008இலிருந்து பாடலாசிரியர் சங்கமே இடத்தை வாங்கி நடத்துகிறது.

இங்கே ஒரே சட்டம், பேசாதே. 'ஷ்ஷ்' என்பதுதான் கடையின் தாரக மந்திரம். பரிமாறும் பெண் குனிந்துகொண்டே மேஜைகளுக்கு நடுவே நடக்கிறார். பாட்டு முடியும்வரை ஐஸ் அள்ளக்கூட ஆள் காத்திருக்கிறார். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுகிற கூட்டத்தை நினைத்துக்கொண்டேன்.

நடுவில் நாலு பேர். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, நடுவயதில் இரண்டு ஆண்கள், ஒரு பையன். பக்கத்து மேஜைக்காரரின் முழங்கால் கிடாரில் இடிக்கிற அளவு நெருக்கம். தாடிக்காரர் ஒருவரின் கிடாரில் துளைக்குக் கீழே பலகை நகம் பட்டுப் பட்டுத் தேய்ந்து, உள்ளே வெறும் மரம் தெரிந்தது. அவர் பாடுவதற்கு முன்னால் சொன்னார்: "இந்தப் பாட்டை நீங்க வேற ஒருத்தர் குரல்ல கேட்டிருப்பீங்க. அவர் இதை வச்சு ஊர் சுற்ற ஒரு பஸ் வாங்கினார். நான் வீட்டுல வாட்டர் ஹீட்டர் மாத்தினேன்." சிரிப்பு அடங்கியதும் பாடினார். குரல் ஒன்றும் பிரமாதமில்லை, உச்சியில் உடைந்தது. ஆனால் எந்தச் சொல்லில் நிறுத்தணும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. கடை ஸ்பீக்கர்களில் நூறு முறை கேட்டு எரிச்சலான பாட்டு அது. அதில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளாத ஒரு வீடு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இடைவேளையில் காசைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியுமா? அமெரிக்காவில் எஃப்எம்மில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் அவருடைய பாட்டு உரிமையைப் பார்த்துக்கொள்ளும் பதிப்பகத்துக்கும்தான் பணம், பாடியவருக்குக் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறதே என்றேன். ஆனால் விற்கிற ஒரு பிரதிக்கு 2006 முதல் 2022 வரை 9.1 சென்ட்தானாம். அதையும் பதிப்பகமும் கூட எழுதியவர்களும் பங்கு போடணும். இங்கே ஒரு பாட்டை இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதுவதுதான் வழக்கம்.

பெயரும் கிடைப்பதில்லை. நம் ஊரில் இது கண்ணதாசனா வாலியா என்று டீக்கடையில் கை கலப்பு வரும். இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், இசை, இயற்றியவர் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள் என்று அப்பா இன்றைக்கும் பெருமைப்படுவார். இங்கே எழுதியவரைப் பார்க்க இப்படி ஓர் இடத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

அந்த அம்மாவின் கடைசிப் பாட்டு, செத்துப்போன தாயின் சமையலறை மேஜை டிராயரைக் காலி செய்வது பற்றி. ரப்பர் பேண்ட், பாதி எரிந்த பிறந்தநாள் மெழுகுவத்தி, எப்போதோ விற்றுவிட்ட வீட்டின் சாவி. மற்ற மூவரும் கிடாரை மடியில் படுக்கவைத்துவிட்டார்கள். பாட்டு முடிந்தும் இரண்டு நொடி யாரும் கைதட்டவில்லை. மூன்றரை மணியிலிருந்து முனகிக்கொண்டே இருந்த என் ஆள், போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்தால் டவுனுக்குப் போகும் பஸ் வரவே இல்லை. ஆப்பில் டாக்சி கூப்பிட்டோம். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு 34 டாலர்! கூட்ட நேரமாம். வேறு வழியில்லை, ஏறினோம். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார் டிரைவர், சொன்னோம். பதினோரு வருஷமாகத் தானும் இங்கே பாட்டு எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, போனைக் காரின் ஸ்பீக்கரில் மாட்டி, தன் பாட்டைப் போட்டார். நாங்கள் இருவரும் பேச்சுமூச்சு விடவில்லை, பழகிவிட்டது.

இறங்கி, கார் போன பிறகு இவன் சொன்னான்: "பாட்டு நல்லாத்தான்டா இருந்துச்சு. அதுக்காக முப்பத்துநாலு டாலரா?"