காகம் களவெடுக்கக் கூடாதாம்

கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஏ9 வீதியிலிருந்து திரும்பி, கிரவல் பாதையில் சற்றுத் தூரம் உள்ளே வந்தால் எங்கள் ஊர். அங்குள்ள முன்பள்ளியின் கலைவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியன் வீட்டில் சும்மாதான் இருப்பான் என்பது ஊரின் நீண்டகால முடிவு. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எண்ணி, ஆச்சி வடை சுட்ட கதையை ஒரே இரவில் நான்கு பக்கங்களில் எழுதி முடித்தேன். அந்த நான்கு பக்கங்களைத் திருத்துவதற்கு மூன்று வாரங்கள் சென்றன.

முதலில் வந்தவர் காகமாக நடிக்கவிருந்த பையனின் தாயார். "மாஸ்ரர், ஊர்ச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க என்ர பிள்ளை களவெடுக்கிறதோ?" என்று கேட்டார். காகம் வடையைத் தூக்காவிட்டால் கதை ஆச்சியின் அடுப்படியைத் தாண்டாது என்று விளக்கினேன். "அப்ப ஆச்சியே குடுக்கட்டும்" என்றார். ஆச்சி கொடுத்தார். மறுநாள் நரியின் தகப்பனார் வந்தார். மகளுக்கு நரி வேடம் கிடைத்ததில் அவருக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் பெண்பிள்ளை ஏமாற்றுக்காரியாக மேடையேறக் கூடாது, கேட்டு வாங்கட்டும் என்றார். நரி கேட்டு வாங்கியது. விழாவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அழைக்கப்பட்டிருக்கிறார் என்பதை யாரோ நினைவுபடுத்தியதால், ஆச்சியின் தலைக்கு ஒரு வலைத்தொப்பி ஏறியது. வடை உழுந்து வடையா, தட்டை வடையா என்பதில் மட்டும் ஒரு மாலை முழுவதும் போயிற்று. தட்டை வடை காகத்தின் வாயில் நன்றாக நிற்கும், ஆனால் விழுந்தால் நொறுங்கிவிடும் என்பது என் கட்சி. இப்போது வடை விழவே போவதில்லை என்பதை அந்த வாதச் சூட்டில் நானே மறந்திருந்தேன்.

ஆக, திருத்தம் எல்லாம் முடிந்தபோது ஆச்சி வடை சுட்டார், காகத்துக்குக் கொடுத்தார், நரி பணிவாகக் கேட்டது, காகம் பாதியைப் பிய்த்துக் கொடுத்தது, எல்லோரும் கை கழுவினார்கள். பத்து நிமிட நாடகம் இரண்டு நிமிடமாகச் சுருங்கியிருந்தது.

எனக்கு வந்த கோபம், பழைய புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தணிந்தது. ஜேர்மனியின் கிறிம் சகோதரர்கள் எங்கள் முன்பள்ளிப் பெற்றோரையும் விஞ்சிய திருத்தக்காரர்கள். 1812 இல் வெளிவந்த அவர்களுடைய நாட்டார் கதைத் தொகுப்பின் முதற்பதிப்பில், பஞ்சத்தின்போது ஹன்சலையும் கிரேற்றலையும் காட்டில் விட்டுவிட்டு வரும்படி தகப்பனை நெருக்குபவள் பெற்ற தாயே. 1840 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிடுகிறாள். ஸ்னோ வைற்றைக் கொல்லச் சொன்ன பெற்ற தாயும் 1819 இலேயே அவ்வாறு மாற்றப்பட்டுவிட்டாள். பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டுகிற தாய், தன்னைப் போன்ற ஒருத்தியே பிள்ளையைக் காட்டில் விடுவதை எப்படிப் பொறுப்பாள்? காகத்தின் தாயாரும் அதே நியாயத்தைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். கோபுரத்தில் அடைபட்ட ராபன்ஸல், தன் உடுப்பு ஏன் இறுகிக்கொண்டு வருகிறது என்று வெகுளியாகக் கேட்ட வரியும் பின்னைய பதிப்புகளில் காணாமற் போயிற்று. அந்த வரிக்கு எங்கள் ஊரில் கூட்டமே கூடியிருக்கும். பிரான்சிலோ 1697 இல் பெரோ எழுதிய சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் விழுங்கியதோடு கதை முடிந்துவிடும். வயிற்றைக் கிழித்து அவளை வெளியே எடுக்கும் வேட்டைக்காரன் கிறிம்களின் நூலில்தான் வருகிறான்.

எங்கள் காகம்கூட முதலில் வடை தூக்கிய காகம் அல்ல. ஈசாப்பின் பெயரில் வழங்கும் பழைய கதைகளில் அதன் வாயில் இருந்தது இறைச்சித் துண்டோ பாற்கட்டியோதான். 1668 இல் பிரெஞ்சுக் கவிஞர் லா பொந்தேன் பாடியபோதும் அது பாற்கட்டியே. எங்கள் அடுப்படிக்கு வந்தபோது அது வடையாயிற்று. சுடுவதற்கு ஓர் ஆச்சியும் வந்து சேர்ந்தார். அந்த மாற்றத்துக்கு மட்டும் இதுவரை எவரும் முறைப்பாடு செய்ததில்லை.

ஒத்திகை பார்க்க நாள்தோறும் வந்து, வேலியோரம் குந்தியிருந்து வெற்றிலை போடும் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் வியக்கவில்லை. 2009 இல், போரில் இடம்பெயர்ந்தோர் இருந்த செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் பேரப்பிள்ளைகளுக்கு இதே கதையைச் சொன்னாராம். வடை என்ற சொல்லைக் கேட்டவுடனே சின்னவன் வடை வேண்டும் என்று அழத் தொடங்கியதால், வடையையே கதையிலிருந்து எடுத்துவிட்டாராம். "பிறகு காகம் என்ன செய்தது, ஆச்சி?" என்று கேட்டேன். "அதுவும் கோப்பையோட வரிசையில நிண்டது" என்றார். நரி எங்கே என்று கேட்டதற்கு, "அதுக்குப் பின்னாலதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

விழா நாளன்று அடுப்பு, பாலை மரம், வலைத்தொப்பி எல்லாம் சரியாக அமைந்தன. ஆச்சியாக நடித்த சிறுமியின் தாயார் வீதியோரத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் என்பதை நான் கணக்கில் எடுக்கத் தவறியிருந்தேன். காகம் சிறகை அடித்துக்கொண்டு வந்து, எழுதிக் கொடுத்தபடி, "ஆச்சி, எனக்கொரு வடை தாருங்கள்" என்றது. சிறுமி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்டு அறுவது ரூபா."

காகம் என்னைப் பார்த்தது. நான் திரைக்குப் பின்னாலிருந்து கையால் ஆன மட்டும் சைகை காட்டினேன். காகம் சிறிது யோசித்துவிட்டு, "கொப்பியில எழுதுங்கோ" என்றது.

"பழைய கணக்குக் கிடக்கு. அம்மா குடுக்க வேண்டாமெண்டவ."

கொட்டகை அதிர்ந்தது. கடன் கொப்பியில் பெயர் இல்லாத வீடு ஊரில் குறைவு என்பதால், அந்தச் சிரிப்பில் சிலருடையது சற்றுத் தாமதமாகவே வந்தது. சுகாதாரப் பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காகத்தின் தாயார், மகன் களவெடுக்காமல் மரத்தடிக்குத் திரும்பிவிட்ட பெருமையில் எல்லோரையும் விட அதிகமாகக் கை தட்டினார்.

திரையை மூடச் சொல்லிவிட்டு நான் இறங்கி வந்தபோது, முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு ஆச்சி என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, நரி இன்னும் வரேல்லையே?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தன் முறை வரும் என்று நம்பிப் பாலை மரத்துக்குப் பின்னால் அது வாலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது.