ஒன்பது வயதில் அல்ஜீப்ரா வகுப்பு

மகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். அவளுக்கு ஒன்பது வயதானபோது என்னிடம் இருந்த கணக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. ராத்திரி நான் படித்து, காலையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பதினான்கு வயதுப் பிள்ளைகள் படிக்கும் அல்ஜீப்ரா வகுப்பில் சேர்க்கலாமே என்று தோன்றியது.

முதலில் கேட்ட இரண்டு இடங்களில் வயதைச் சொன்னதுமே பேச்சு முடிந்தது. தப்பு என்மேலும்தான். "ரொம்பக் கெட்டிக்காரி" என்று ஆரம்பித்தேன். எந்த அம்மாதான் அதைச் சொல்லவில்லை?

மூன்றாவது இடத்தில் வேறு வழியில் போனேன். அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் கணக்குத் தாளை, 1972-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அவரவர் வயதுக்கான தாளில் எல்லாக் கெட்டிக்காரப் பிள்ளைகளும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். யாருக்கு எதுவரை எட்டும் என்பது அதில் தெரியாது; பெரியவர்களின் தாளில்தான் தெரியும். நானும் அதையே கேட்டேன்: "இந்த வகுப்பின் முழுப்பரீட்சைத் தாளைக் கொடுங்க சார், உங்க எதிரிலேயே எழுதட்டும்."

எழுதியதெல்லாம் சரி. ஆனால் கடைசி நான்கு கணக்குகளுக்கு நேரம் போதவில்லை. "தலை ஓடுது, கை ஓடலை" என்றார் சார். ஆறு வாரம் பார்ப்போம் என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. பலகையில் மூன்றாவது கணக்கு வந்தபோது இவள் முதல் கணக்கையே எழுதிக்கொண்டிருந்தாள். குறிப்புகளை முன்கூட்டியே அச்செடுத்துத் தரச் சொல்லிச் சமாளித்தோம்.

நான் எதிர்பார்க்காதது முதல் டெஸ்ட். இருபதுக்குப் பதிமூன்று. வகுப்பிலேயே அழுதுவிட்டாள். வீட்டில் அவளுக்கு வராத கணக்கை நான் கொடுத்ததே இல்லை. தப்புப் போட்டுப் பழக்கமே இல்லாத பிள்ளை. பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருவன் தன் தாளைக் காட்டி, "எனக்கு ஒன்பதுதான், பாரு" என்றானாம். நான் என்ன சொல்லியிருந்தாலும் அந்த அளவுக்கு எடுபட்டிருக்காது.

இலக்கிய வகுப்பிலும் சேர்த்துவிடலாமா என்று சபலம் வந்தது. அங்கே பாடமாக இருந்த நாவலை முதலில் நானே படித்தேன். வாசிக்க அவளால் முடியும். ஆனால் அதில் வரும் விஷயங்கள் ஒன்பது வயதுக்கு இல்லை. விட்டுவிட்டேன்.

ஆறு வாரம் கழிந்து இப்போது எட்டு மாதம். எத்தனாவது படிக்கிறாய் என்று யாராவது கேட்டால், "கணக்குல ஒன்பதாவது, கையெழுத்துல ரெண்டாவது" என்கிறாள்.