வைக்காமல் விட்டது

"எது ஏன் அப்படி இருக்குன்னு ஒரு டாக்குமென்ட்ல எழுதி வெச்சிட்டுப் போகட்டுமா? ரெண்டு நாள் ஆகும்."

வேலையை விடும் கடைசி வாரத்தில் எங்கள் லீட் டிசைனர் கேட்டது. எனக்கு ரிலீஸ் நெருக்கடி. திரைகளின் வடிவமெல்லாம் ஃபிக்மா என்கிற டிசைன் டூலில் இருந்தது. "ஃபிக்மால எல்லாம் இருக்குல்ல, நாங்க பார்த்துக்கறோம்" என்றேன்.

"ஃபிக்மால வெச்சது இருக்கும். வைக்காம விட்டது இருக்காதுங்க."

சிரித்துவிட்டு அந்த இரண்டு நாளுக்கு ஐகான் வேலை கொடுத்தேன். ஐகான்!

முதல் மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் வேகம் கூடியது. அவர் இருந்தவரை ஒரு பட்டன் சேர்க்க அரை நாள் வாதாட வேண்டும். போனபின் கேட்டவர் கேட்டதெல்லாம் திரையில் ஏறியது. எழுத்துகளின் சாம்பல் நிறம் வெளிறி, டபிள்யூசிஏஜி என்கிற இணைய அணுகல் வழிகாட்டுதல் கேட்கும் 4.5:1 கான்ட்ராஸ்டுக்கு (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு) கீழே போனது. அதை டூல் பிடித்துக் கொடுத்துவிட்டது. எந்த டூலிலும் சிக்காதது டெலீட்.

அவர் வடிவமைத்ததில் டெலீட் அழுத்தினால் எதுவும் கேட்காது. வரி மறையும், நீக்கியதை மீட்க, கீழே 10 விநாடி 'அன்டூ' நிற்கும். டெஸ்டிங்கில் இதை பக் என்று பதிந்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. 'நிச்சயமாக நீக்கவா?' என்று ஒரு பெட்டி வைத்தோம். பெட்டிதான் இருக்கிறதே என்று அடுத்த ஸ்பிரின்ட்டில் அன்டூவை எடுத்தோம். இரண்டுக்கும் ஓகே சொன்னது நான்.

பிறகு சப்போர்ட்டுக்கு ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங் வந்தது. ஒருவர் வரிசையாக ஆறு வரிகளை நீக்குகிறார். முதல் பெட்டியில் சற்று நிற்கிறார். நான்காவதில், பெட்டி திறக்கும் முன்பே கர்சர் 'ஆம்' வரப்போகும் இடத்துக்குப் போய்விடுகிறது. ஆறாவது, நீக்கக் கூடாத வரி. போனதும் கர்சர் விருட்டென்று கீழே இறங்கி, அன்டூ இருந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. அதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேனோ.

எழுதி வைத்திருந்தால் மட்டும் படித்திருப்போமா? அவர் ஏற்கெனவே எழுதிய வழிகாட்டியையே யாரும் திறக்கவில்லை. அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். 2009-ல் கூகுளை விட்டுப் போன டிசைனர் டக்ளஸ் போமன், எந்த நீலம் என்று முடிவெடுக்க 41 நீலங்களைச் சோதித்துப் பார்க்கும் இடத்தில் டிசைனருக்கு என்ன வேலை என்கிற தொனியில் எழுதியதை எங்கள் பழைய லீட் டிசைனர் ஒருமுறை எனக்கு அனுப்பியிருந்தார். 'சோதிச்சா என்ன தப்பு?' என்று பதில் போட்டேன். இன்றைக்கும் எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஆனால் அன்டூவை எடுக்கும்போது நாங்கள் எதையும் சோதிக்கவில்லையே.

அன்டூவைத் திரும்ப வைத்துவிட்டோம். போன வாரம் புதிய டிசைனர், "டெலீட்டுக்குப் பக்கத்துல ஏன் இவ்வளவு இடம் காலியா விட்டிருக்கு?" என்று கேட்டார். "கை தவறி சேவ் அழுத்தப்போய் டெலீட்ல பட்டுடக் கூடாதுன்னு" என்றேன், தயங்காமல். அது பழையவர் சொன்ன காரணமா, அந்த நொடியில் எனக்குத் தோன்றியதா என்று தெரியவில்லை.

புதியவர் அதை டாக்குமென்ட்டில் ஏற்றிவிட்டார்.